துணியில் வரைந்தவர்கள்: கொழும்புக் குறிப்புகள்

செவ்வாய், வெள்ளவத்தை

கொழும்பின் நவீன ஓவியத்தைப் பற்றி யார் பேச உட்கார்ந்தாலும் முதலில் வருவது 43 குழுதான். 1943 ஓகஸ்ட் 29ஆம் திகதி புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் வீட்டில் ஓவியர்கள் கூடி அதை ஆரம்பித்தார்கள். ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல, ரிச்சர்ட் கேப்ரியல், ஜோர்ஜ் கிளாசன், ஒப்ரி கொலெட், அப்போது பிக்குவாக இருந்த மஞ்சுஸ்ரீ என்று பெயர்கள் வரிசையாக வரும். வென்ட் அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே இறந்துவிட்டார். குழு அதற்குப் பிறகும் நீடித்தது. லண்டன், பாரிஸ், வெனிஸ் வரைக்கும் அவர்களுடைய படங்கள் போயின. அவர்கள் செய்தது பெரிய காரியம், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் நிறுவியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

அதே கொழும்பில், அதே காலத்தில், நிறத்தையும் கோட்டையும் புதிதாக யோசித்த பெண்கள் எங்கே போனார்கள்? நீண்ட நாளாக இந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது. இப்போது எனக்குக் கிடைத்திருக்கும் பதில்: துணிக்குப் போனார்கள். பார்பரா சன்சோனி கைத்தறிக்குப் போனார். ஈனா டி சில்வா, துணியில் மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பத்திக்குக்குப் போனார். கலை வரலாற்றில் இந்த இரண்டு பேரையும் 'கைப்பணி' என்ற அத்தியாயத்தில் போட்டு மூடிவிடுகிறோம். அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். அவர்கள் வேலை செய்த தெருக்களைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு நாள் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவதாக எண்ணம்.

கல்முனையிலிருந்து இரவு பஸ். விடிய முன்னமே காலி வீதியில் இறங்கிவிட்டேன். சித்தி வீடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில். திட்டத்தைச் சொன்னதும் சித்தி கேட்டா: "ஓவியம் பாக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத் துணிக்கடைக்கெல்லோ போறாய், மகள்?"

அவவுக்கு இன்றைக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவவையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.

புதன், கறுவாத்தோட்டம்

காலையில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. பழைய ஆட்கள் இதை இன்னும் கிறீன் பாத் என்றுதான் சொல்வார்கள். நடைபாதை ஓரத்தில் வேலியோடு வேலியாக ஓவியங்களைச் சாய்த்தும் தொங்கவிட்டும் விற்கிறார்கள். யானை, பெரஹரா, தேயிலை பறிக்கும் பெண்கள், கீற்றின் பாணியில் பெரிய கண்களோடு நாயகிகள். ஒவ்வோர் ஆண்டும் கலா பொல என்ற பெரிய ஓவியச் சந்தையும் இந்தத் தெருவில்தான் நடக்கும். 1993இல் ஜோர்ஜ் கீற் மன்றம் தொடங்கியது அது.

தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் படங்கள் எத்தனை! கூடை, சிவப்புச் சேலை, பச்சை மலை. ஒரு முகமும் ஒரு குறிப்பிட்ட ஆளுடைய முகமாக இல்லை. விற்றுக்கொண்டிருந்த தம்பி ஹட்டன் பக்கம். "இதுதான் மிஸ் கூட போகுது, வெள்ளக்காரங்க கேக்கிறது இதைத்தான்" என்றார். அவருடைய அம்மாவும் கொழுந்து பறித்தவர். அம்மாவை வரைந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு படம் இருக்கிறது, அதை விற்பதில்லை, வீட்டில் இருக்கிறது என்றார். அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது.

அங்கிருந்து லயனல் வென்ட் கலாபவனம் நடக்கும் தூரம்தான். வென்ட்டின் வீடு இருந்த இடத்தில் அவர் நினைவாகக் கட்டி 1953இல் திறந்தார்கள். 43 குழு பிறந்த மண் இதுதான். நாடகம் பார்க்க முன்பு வந்திருக்கிறேன். இந்த முறை உள்ளே அதிக நேரம் நிற்கவில்லை. மழை வரும்போல் இருந்தது.

வியாழன், பார்ன்ஸ் பிளேஸ்

சப்புமல் மன்றம். ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. 1974இல் இதை ஒரு மன்றமாக்கி, தன்னுடைய படங்களையும் நண்பர்களின் படங்களையும் எல்லோரும் பார்க்க விட்டுவிட்டுப் போனார். பெயர்ப்பலகையைத் தவறவிட்டால் யாரோ ஒருவரின் வீடு என்று நினைத்து நடந்துபோய்விடலாம். மரங்களுக்குள்ளே ஓட்டுக்கூரை, தாழ்ந்த விறாந்தை, ஒன்றிலிருந்து ஒன்றாகத் திறக்கும் அறைகள். 43 குழுவை ஒரே கூரையின் கீழ் பார்க்க இதைவிட நல்ல இடம் நாட்டில் இல்லை. கலை படிக்கும் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிவரும் ஆசிரியர்கள் மிருகக்காட்சிச்சாலைக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்கலாம்.

கீற்றின் கோடு ஒரே மூச்சில் ஓடுகிறது. பிக்காசோவிடமிருந்து எடுத்ததும் கீத கோவிந்தத்திலிருந்து எடுத்ததும் அந்தக் கோட்டுக்குள் சண்டை போடாமல் இருக்கின்றன. தரணியகலவின் நிறம் தடித்தது, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்பது. ஐவன் பீரிஸ் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கிலாந்தில் கழித்தவர், ஆனாலும் அவர் படங்களில் தென்கரைக் கடல் விடாமல் வருகிறது. ஹரி பீரிஸின் உருவப்படங்களில் ஓர் அமைதி இருக்கிறது. எதிரில் உட்கார்ந்தவரை அவசரப்படுத்தாமல் பார்த்திருக்கிறார்.

பெண்கள் சுவரெல்லாம் இருக்கிறார்கள். படத்தின் மூலையில் உள்ள கையெழுத்துகளில்தான் அவர்களைக் காணோம்.

இந்த இடத்தில் இந்திய ஓவியர் அம்ரிதா ஷெர்-கில்லை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1913இல் புடாபெஸ்ட்டில் பிறந்து, பாரிஸில் படித்து, 1934இன் கடைசியில் இந்தியாவுக்குத் திரும்பியவர். 1937இல் தெற்கே வந்தார். கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களைப் பார்த்தார், கன்னியாகுமரியில் தங்கி வரைந்தார். அந்தப் பயணத்தின் பலன்தான் 'மணப்பெண்ணின் அலங்காரம்', 'பிரமச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்தார்' என்ற மூன்று பெரிய படங்கள். 1941 டிசம்பரில் லாகூரில் இறந்தபோது அவருக்கு 28 வயது. 1976இல் இந்திய அரசு அவருடைய படங்களைத் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்தது. அவர் ஓவியர்தானா என்று ஒருவரும் கேட்பதில்லை, ஏனென்றால் அவர் வரைந்தது கன்வசில், எண்ணெய் வர்ணத்தில். கொழும்புப் பெண்கள் இருவரும் அவருக்கு ஒன்பதும் பதினைந்தும் வயது இளையவர்கள். அவர்கள் கையில் எடுத்த பொருள் வேறு. தேர்வு அங்கேதான் நடந்துவிட்டது என்று நினைக்கிறேன்: எண்ணெய் வர்ணத்தில் செய்தது அருங்காட்சியகத்துக்கு, நூலில் செய்தது கடைக்கு.

வெள்ளி, கொள்ளுப்பிட்டி

சித்தியோடு காலி வீதி, 704ஆம் இலக்கம். பேர்ஃபூட், பார்பரா சன்சோனி தொடங்கிய கைத்தறிக் கடை. வெளியே பஸ் சத்தம், ஓட்டோ சத்தம். உள்ளே போய் நாலு அடி வைத்ததும் நிறம் ஆளைப் பிடித்து நிறுத்துகிறது. சித்தி வாசலிலேயே நின்றுவிட்டா.

முதலில் பார்பரா சன்சோனியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1928இல் கண்டியில் பிறந்தவர். பறங்கியர் குடும்பம். பள்ளிப் படிப்பின் ஒரு பகுதி கொடைக்கானலில், கன்னியர் மடப் பள்ளியில். பிறகு லண்டனில் ரீஜன்ட் ஸ்ட்ரீட் பொலிடெக்னிக்கிலும் செல்சி ஓவியக் கல்லூரியிலும் முறையாக ஓவியம் படித்தார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பொழுதுபோக்காகத் துணிப்பக்கம் வந்தவர் இல்லை. உருவம் வரையவும் நிறம் கலக்கவும் படித்துவிட்டு வந்தவர். திருமணம், இரண்டு ஆண் பிள்ளைகள். ஒருவர்தான் புகைப்படக் கலைஞர் டொமினிக் சன்சோனி.

1960களின் தொடக்கத்தில் நல்லாயன் கன்னியர்கள் ஏழைப் பெண்களுக்காக நடத்திய நெசவு நிலையங்களுக்கு வடிவமைத்துத் தரும்படி இவரைக் கேட்டார்கள். அந்தப் பெண்களுக்கு ஒரு வருமானம் வேண்டும், அவர்கள் நெய்வது விற்க வேண்டும். பார்பராவுக்கு அப்போது நெசவு தெரியாது. தெரிந்தது நிறம். அதை வைத்துத் தொடங்கினார். 1964இல் பேர்ஃபூட் பிறந்தது.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1960களில் நாட்டில் அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு. வெளிநாட்டுத் துணி கிடைக்காது. உள்ளூர்க் கைத்தறியை மதிக்காதவர்களும் அதைத் தேட வேண்டிய நிலை. 1966இல் சுற்றுலாச் சபை அமைந்து ஹோட்டல்கள் எழத் தொடங்கின. 1969இல் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலில் திரை, விரிப்பு, மெத்தை உறை எல்லாம் உள்ளூரிலேயே செய்ய வேண்டியிருந்தது. நெருக்கடிதான் வாசலைத் திறந்தது. ஆனால் அதே நெருக்கடி நாட்டிலுள்ள எல்லோருக்கும் இருந்தது. அதற்குள் நுழைந்து இப்படி ஒரு நிறத்தைக் கொண்டுவந்தவர் இவர்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன், இதற்காகத்தானே வந்தது.

நான் கல்முனைக்காரி. பாண்டிருப்பைத் தாண்டினால் மருதமுனை. சின்ன வயதில் அந்தத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். மருதமுனைச் சாரம் என்றால் நாடு முழுக்கத் தெரியும். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து மலிவான இறக்குமதித் துணி குவிந்தபோது நாடெங்கும் கைத்தறிகள் ஓயத் தொடங்கின. பிறகு போர். 2004இல் சுனாமி மருதமுனைக் கரையைத் தின்றது. இவ்வளவுக்குப் பிறகும் அங்கே இன்னும் நெய்கிறார்கள். ஆகவே தறியில் நிறம் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஓவியர் தட்டில் நீலத்தையும் மஞ்சளையும் குழைத்தால் பச்சை வரும். தறியில் குழைக்க முடியாது. நெடுக்கே பாவு, குறுக்கே ஊடை. பாவு நீலமாகவும் ஊடை பச்சையாகவும் இருந்தால் இரண்டு நிறமும் தனித்தனியாகத்தான் துணியில் இருக்கும், கலப்பது பார்ப்பவரின் கண்ணில். நம்முடைய மயில்கழுத்துச் சேலை அப்படித்தான் மின்னுகிறது. நடக்கும்போது, திரும்பும்போது, மடிப்பில் ஒளி விழும்போது நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். தறிக்காரருக்கு இது பரம்பரை அறிவு. பார்பரா இந்த அறிவுக்குள் ஓவியரின் துணிச்சலோடு நுழைந்தார். ஒன்றோடொன்று சேரக்கூடாது என்று நாங்கள் நினைக்கும் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில் செம்மஞ்சள். பாசிப்பச்சைக்கு நடுவில் ஒரு விரலகலத்துக்கு ரோஸ். தூரத்திலிருந்து பார்த்தால் வெயில் படும் தோட்டம், கிட்டப் போனால் கோடுகள் மட்டும்.

கோடுகளின் அகலத்தைக் கவனித்தேன். ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரவில்லை. அகலம், ஒடுக்கம், மிக ஒடுக்கம், திடீரென்று ஓர் அகலம். ஒரு விரிப்பின் முன்னால் நின்று சித்தியிடம் சொன்னேன், நடுவிலுள்ள அந்த மெல்லிய மஞ்சள் கோட்டைக் கையால் மறைத்துப் பாருங்கள் என்று. மறைத்தா. துணி முழுவதும் மங்கிப்போயிற்று. கையை எடுத்தா. திரும்ப எழுந்து வந்தது. "அட" என்றா. அப்புறம் தானாகவே அடுத்த துணிக்குப் போய் வேறு ஒரு கோட்டை மறைத்துப் பார்த்தா. ஒரு கோடு எங்கே, எவ்வளவு என்று முடிவு செய்வதுதான் ஓவியரின் வேலை. 20ஆம் நூற்றாண்டில் கோடுகளை மட்டும் வைத்துக் கன்வசில் வரைந்தவர்களைப் பெரிய நவீன ஓவியர்கள் என்று ஏற்றுக்கொண்டோம். இதே கோடு நூலில் வந்தால் ஏன் மேசைவிரிப்பு மட்டும் ஆகிவிடுகிறது?

இவர் நெய்யச் செய்ததில் சுவரில் தொங்கவிடுவதற்கென்றே உருவான பெரிய தொங்கல்களும் உண்டு. உடுப்பாகவோ விரிப்பாகவோ பயன்படாதவை, பார்ப்பதற்கு மட்டும். கோட்டோவியமும் விடவில்லை. ஓவியர் லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம், டென்மார்க்கிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர் ஆகியோரோடு சேர்ந்து, இடிந்துகொண்டிருந்த பழைய வீடுகளையும் விகாரைகளையும் தேடிப்போய் அளந்து வரைந்தார். 1978இல் 'விகாரைகளும் விறாந்தைகளும்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் அவை நூலாயின. 1998இல் ரொனல்ட் லூகொக், லக்கி சேனநாயக்க ஆகியோரோடு சேர்ந்து இந்தத் தீவின் கட்டடக் கலை பற்றிப் பெரிய நூல் ஒன்றும் வந்தது. லூகொக் அவருடைய இரண்டாவது கணவர், அவரும் கட்டடக் கலைஞர்தான்.

பின்முற்றத்தில் மரநிழலில் தேநீர்க்கடை. பக்கத்தில் ஓவியக்கூடம். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் தமிழ் பேசினார், வத்தளையிலிருந்து வருகிறாராம். நிறங்களை எப்படிச் சேர்ப்பது என்று யாராவது சொல்லித்தந்தார்களா என்று கேட்டேன். "மடிச்சு மடிச்சே கண்ணு பழகிரும் மிஸ். பிழையா அடுக்கினா தூரத்திலிருந்தே தெரியும்" என்றார். நெய்கிறவர்கள், தைக்கிறவர்கள், விற்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். இதையும் அவருடைய ஓவிய வாழ்க்கைக்குள்தான் சேர்க்க வேண்டும். வரைந்தவர் ஒருவர், அதை நூலில் ஏற்றியவர்கள் பல நூறு கைகள். பெயர் ஒன்றுதான் வெளியே தெரிகிறது என்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் அந்தத் தறிப் பெண்களுக்கு நியாயம் செய்தவளாக மாட்டேன்.

பார்பரா 2022 ஏப்ரலில், 94 வயதில் காலமானார். காலி முகத்திடலில் போராட்டம் தொடங்கிய மாதம். எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை. அந்தச் செய்திகளுக்குள் இந்த மரணம் பலருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

சித்தி ஒரு சின்னத் துணி வாங்கினா. விலை அதிகம்தான், அதை மறைக்கவில்லை. மேசையில் போடப்போவதில்லையாம், சுவரில் மாட்டப்போகிறாவாம்.

சனி, ஆல்ஃபிரட் பிளேஸ்

நேற்றைய இடத்திலிருந்து அதிக தூரமில்லை. ஈனா டி சில்வாவின் வீடு இந்தத் தெருவில்தான் இருந்தது. இப்போது இங்கே வந்தால் அந்த வீட்டைப் பார்க்க முடியாது, தெரிந்துதான் வந்தேன். தெருவையாவது பார்க்க வேண்டும்போல் இருந்தது.

ஈனா 1922இல் பிறந்தவர். மாத்தளை அலுவிகாரைக் குடும்பம். திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்டது என்று சொல்லப்படும் அந்தக் குகைக் கோயில் இருக்கும் ஊர். தந்தை சேர் ரிச்சர்ட் அலுவிகார, இலங்கையர்களில் முதலாவது பொலிஸ் மா அதிபர். அவருக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்தவர் ஈனாவின் கணவர் ஒஸ்மன்ட் டி சில்வா. இப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் ஒரு பாதை எழுதியே வைத்திருப்பார்கள். ஈனா கையில் மெழுகையும் சாயத்தையும் எடுத்தார்.

1960இல் ஜெஃப்ரி பாவாவிடம் வீடு கட்டித் தரச் சொன்னார். நகரத்துச் சின்னக் காணிக்குள், வெளியே மதில், உள்ளே திறந்த முற்றம், சுற்றி விறாந்தை, ஓட்டுக்கூரை. நம்முடைய நாற்சார் வீட்டை அறிந்தவர்களுக்கு அந்த யோசனை உடனே புரியும். 1962இல் முடிந்த அந்த வீடு பாவாவின் வாழ்க்கையிலேயே ஒரு திருப்பம் என்று கட்டடக் கலைஞர்கள் எழுதுகிறார்கள். என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று தெளிவாகத் தெரிந்த ஒரு பெண் கேட்டதால்தான் அப்படி ஒரு வீடு வந்தது என்று அதோடு சேர்த்து எழுத வேண்டும். பிற்காலத்தில் காணி கைமாறியபோது வீட்டைக் கழற்றி, கல்லுக்கும் கதவுக்கும் இலக்கம் போட்டு, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்கை தோட்டத்தில் திரும்ப எழுப்பினார்கள். வீட்டைக் காப்பாற்ற இவ்வளவு முயற்சி எடுத்தது எனக்குச் சந்தோஷம்.

பத்திக் வேலை தொடங்கியது அதே காலத்தில். மகன் அனில் ஜயசூரிய, லக்கி சேனநாயக்க போன்றவர்கள் கூட இருந்தார்கள். பத்திக் இந்த நாட்டுக்கு ஜாவாவிலிருந்து வந்தது. ஈனா அதை எடுத்து, கண்டிய ஓவியங்களின் உருவங்களையும் கொடிகளின் கம்பீரத்தையும் புதிய வடிவமைப்பின் துணிச்சலையும் ஒன்றாக்கினார்.

பத்திக் செய்து பார்க்காதவர்களுக்கு அதிலுள்ள கஷ்டம் தெரியாது. நான் படிப்பிக்கும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். கடதாசியில் வரைபவர் வேண்டிய இடத்தில் நிறம் வைக்கிறார். பத்திக்கில் நிறம் வேண்டாத இடத்தை உருக்கிய மெழுகால் மூடுகிறோம். வெள்ளையாக இருக்க வேண்டியதை முதலில் மூடி, துணியை மஞ்சள் சாயத்தில் தோய்க்க வேண்டும். காய வேண்டும். மஞ்சளாக நிற்க வேண்டியதை மூடி, சிவப்பில் தோய்க்க வேண்டும். பிறகு கடும் நிறம். எப்போதும் வெளிறியதிலிருந்து இருண்டதற்கு, திரும்பி வர வழியில்லை. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை உருக்கும்போதுதான் என்ன வரைந்தோம் என்பதே தெரியும். அதுவரைக்கும் படம் முழுவதையும் மனதில் தலைகீழாக வைத்திருக்க வேண்டும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நுழைந்து நரம்பு நரம்பாக ஓடும். அது எங்கே ஓடும் என்பதை ஓரளவுக்குத்தான் சொல்லலாம். இதை ஒரு கைக்குட்டையில் செய்யவே பிள்ளைகள் திணறுவார்கள்.

ஈனா இதை ஒரு ஹோட்டல் கூரை அளவில் செய்தார். பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்துக் கூரை முழுக்க அவருடைய பத்திக். அண்ணாந்து பார்க்க வேண்டிய ஓவியம். 1982இல் கோட்டேயில் திறந்த பாராளுமன்றத்தின் சபை மண்டபத்தில் தொங்கும் கொடிகளும் அவர் வடிவமைத்தவையே. நாட்டின் சட்டங்கள் நிறைவேறும்போது தலைக்கு மேலே இருப்பது ஒரு பெண்ணின் ஓவியம். தொலைக்காட்சியில் எத்தனையோ தடவை பார்த்திருப்போம், யார் செய்தது என்று கேட்டிருக்க மாட்டோம்.

அறுபது வயதை நெருங்கும்போது, ஓய்வு எடுக்கும் வயதில், அலுவிகாரைக்குத் திரும்பினார். ஊர்ப் பெண்களைச் சேர்த்துப் பத்திக், தையல்வேலை, பித்தளை, மரவேலை, சமையல் என்று ஒரு நிலையத்தைக் கட்டி எழுப்பினார். 90 வயதைத் தாண்டியும் அங்கேயே வேலை செய்தார். 2015இல் இறந்தார்.

தெரு முனையில் பிளேன்டீ குடித்துவிட்டு ஆல்ஃபிரட் ஹவுஸ் கார்டன்ஸ் பக்கம் நடந்தேன். மினெட் டி சில்வா 1950களில் கட்டிய பீரிஸ் வீடு அங்கே. அவர் ஓவியரில்லை, கட்டடக் கலைஞர். 1918இல் கண்டியில் பிறந்து, 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதலாவது ஆசியப் பெண். அவரையும் இந்த வரிசையில் வைக்கக் காரணம் இருக்கிறது: நவீன கொங்கிரீட் வீட்டுக்குள் தும்பறைப் பாய் நெசவாளரையும் அரக்கு வேலைக்காரரையும் கொண்டுவந்து, அவர்கள் வேலையைக் கட்டடத்தின் பகுதியாகவே ஆக்கியவர். பாவாவுக்கு முன்பே இதைச் செய்தவர் அவர். இந்த மூன்று பெண்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில், சில மைல்களுக்குள், நெசவுக்காரரிடமும் சாயக்காரரிடமும் போய்ச் சேர்ந்தார்கள். இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நவீனம் என்பதை இந்த மண்ணில் எங்கே ஊன்றுவது என்ற கேள்விக்கு ஆண்கள் சிகிரியா ஓவியத்திலும் கோயில் சுவரிலும் பதில் தேடினார்கள். இவர்கள் தறியில் தேடினார்கள். இரண்டும் ஒரே கேள்வி.

ஞாயிறு, புறக்கோட்டை

கடைசி நாள், வேலை மட்டும். புறக்கோட்டையில் ஞாயிறு என்றால் பாதிக் கடைகள் பூட்டு, ஆனால் நடைபாதை வியாபாரம் இருக்கும். பருத்தித் துணி, மெழுகு, சாயம் தேடினேன். துணியும் மெழுகும் கிடைத்தன. சாயத்தில் சிவப்பும் நீலமும் கிடைத்தன, நல்ல மஞ்சள் இல்லை. மஞ்சள் இல்லாமல் பத்திக்கைத் தொடங்க முடியாது, முதலாவது தோய்ப்பே அதுதான். வெள்ளவத்தையில் திங்கள் காலை தேடி வாங்கி அனுப்புவதாகச் சித்தி சொன்னா.

இரவு பஸ்ஸுக்கு முன்னால் மருதமுனையில் தறி வைத்திருக்கும் அக்காவோடு தொலைபேசியில் பேசினேன். கத்தரிப்பூ நிறப் பாவுக்குச் செம்மஞ்சள் ஊடை போட்டு ஒரு முழம் நெய்து காட்ட முடியுமா என்று கேட்டேன். "அது ஓடாது தங்கச்சி, யார் வாங்குவாங்க?" என்றா. விற்பதற்கு இல்லை, பிள்ளைகளுக்குக் காட்ட, நூல் காசு நான் தருகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்தா. இப்போது தறியில் ஏறியிருக்கும் சாரப் பாவு முடிய வியாழனாகுமாம். அதற்குப் பிறகு, அடுத்த பாவு ஏற்றும்போது, ஓரத்தில் ஒரு முழத்துக்கு இடம் விடுகிறேன், பாவு ஓட்டுகிற அன்றைக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க, அதைப் பார்க்காமல் நெசவைப் பார்த்து ஒன்றும் விளங்காது என்றா.